பூ நேரத்து உறைபனி

ஈப்போ,
21 செப்டம்பர் 2025

சரளா,

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எதுவானாலும் மின்னஞ்சலில் கடிதமாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். உன் தம்பி ரூபனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை, தனியாள், சமைத்துப் போட யாரும் இல்லை என்று ஆகஸ்டில் நியூசிலாந்துக்குக் கிளம்பினாய். இப்போது அவனுக்குக் கை அசைகிறது என்று நீயே சொன்னாய். உன் டிக்கெட் அக்டோபர் 17. தீபாவளி 20. வருகிறாயா, இல்லையா? இதற்கு மட்டும் ஒரு வரியில் பதில் எழுது.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. மத்தியானம் வெயில் கொளுத்துகிறது, சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது. துவைத்த துணி காய்வதில்லை. உன் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்றில் இலை சுருண்டிருக்கிறது.

உன் தம்பியைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது என்பாய். தாப்பாவில் அவனுக்கு நான் சும்மா கணக்குச் சொல்லிக் கொடுத்த நாட்களில் என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து தூங்கியவன் அவன். சர்டாங் கல்லூரியில் விவசாயம் படித்தது நான். தோட்டக் கம்பெனியில் தலை நரைக்க உழைத்தது நான். ரப்பர் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோதும் அங்கேதான் நின்றேன். மேலாளர் நாற்காலியில் அர்ச்சுனன் போய் உட்கார்ந்தான். செர்ரித் தோட்டம் ரூபனுக்கு வாய்த்தது. எனக்கு இந்தச் சாப்பாட்டு மேசை வாய்த்தது.

பூ நேரத்தில் உறைபனி வரும் என்று ரூபன் தூங்காமல் கிடக்கிறான் என்றாய். நான் உறைபனியைப் பார்த்ததில்லை, படித்திருக்கிறேன். குளிர்காலத்துப் பனி அந்த மரங்களை ஒன்றும் செய்யாது. அப்போது மொட்டு இறுகிக் கிடக்கும். குளிர் போய்விட்டது என்று நம்பி மொட்டு அவிழ்ந்த பிறகு, பிந்தி வருகிற பனிதான் கொல்லும். அவன் மரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுகிற முறையை வைத்திருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் பூவின்மேல் உறையும்போது கொஞ்சம் சூட்டை விடும். அந்தச் சூட்டில்தான் பூ பிழைக்கிறது. ஆகவே தண்ணீர் விழுந்துகொண்டே, உறைந்துகொண்டே இருக்க வேண்டும். வெயில் வந்துவிட்டது என்று குழாயை மூடிவிடக் கூடாது. நம் தோட்டங்களில் வெயில் ஏறினால் பட்டை காயும், பால் வெட்டப் போகலாம், எல்லாம் சரியாகிவிடும். அங்கே அப்படி இல்லை. ஐஸ் தானாக உருகி உதிரும் வரை தண்ணீர் ஓட வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஈரம் காயும்போது இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குத் தெளிக்காமலே விட்டிருக்கலாம்.

இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? நான் வாயைத் திறந்தால் நீ அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். கம்பெனியிலும் அப்படித்தான். நான் எழுதிய அறிக்கைகளை எவனும் முழுதாகப் படித்ததில்லை.

பதில் எழுது.

மகேந்திரன்


க்ரோம்வெல்,
25 செப்டம்பர்

வணக்கம்.

ஒரு வரியில் பதில் கேட்டீர்கள். தெரியவில்லை. அதுதான் பதில்.

விசா நவம்பர் நடுவரை இருக்கிறது. நீட்டிக்கலாம் என்கிறான் ரூபன். "ஜனவரியில பழம் பறிச்சு முடிச்சிட்டு போக்கா, இப்ப போயி என்னா செய்யப் போற?" என்று கேட்கிறான்.

ரூபன் கைக்காக மட்டும் நான் இங்கே வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி எழுதுகிறீர்கள். ஜூலையில் கார்த்திகேசு அண்ணன் மகளுக்கு நிச்சயம். நான் கேசரித் தட்டோடு நிற்கிறேன். நீங்கள் ஆரம்பித்தீர்கள். பதினாறு வருடமாகச் சொல்கிற அதே கதை. மேலாளர் வேலைக்கு நேர்முகம் இருந்த காலையில் உங்களுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று நான் போய் வண்டிக்கு எண்ணெய் போட்டு வந்தேன். டீசல் வண்டியில் பெட்ரோலைப் போட்டுவிட்டேன். காம்பார் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. வேலை அர்ச்சுனனுக்குப் போய்விட்டது.

"என் வீட்டுக்காரி ஒரே தாங்கில என் சர்வீஸ் முழுசையும் ஊத்தி மூடிட்டா" என்று முடித்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக என்னைப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒரு அம்மா, "பரவால்லமா, பொம்பளைங்களுக்கு வண்டி விசயம் என்னா தெரியும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் அந்தத் தட்டை வைத்துவிட்டு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

செய்தது தப்புதான். நான் இல்லை என்றா சொன்னேன்? அன்றே அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை எண்ணெய் நிலையத்தில் என்னை வண்டியை விட்டு இறங்க விட்டதில்லை. நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வெளியே நின்று எண்ணெய் போடுவீர்கள். ஒவ்வொரு முறையும் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்ப்பீர்கள். அந்தப் பார்வையிலிருந்து கொஞ்ச நாள் தள்ளி இருக்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

இங்கே மரங்கள் பூக்க ஆரம்பித்துவிட்டன. இலையே இல்லை, கிளை முழுக்க வெள்ளை. வீட்டில் நானும் ரூபனும் அதிகம் பேசுவதில்லை. அது எனக்கு நன்றாக இருக்கிறது.

மிளகாய்ச் செடியில் சுருண்ட இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

சரளா


ஈப்போ,
29 செப்டம்பர்

சரளா,

நான் எழுதியதில் முக்கால்வாசிக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. படித்தாயா என்றே சந்தேகமாக இருக்கிறது. உனக்கு மிளகாய்ச் செடிதான் கண்ணில் பட்டிருக்கிறது.

நடந்ததைத்தானே சொன்னேன்? வண்டி காம்பாரில் நிற்கவில்லையா? நான் சாலையோரத்தில் டையோடு நின்று லாரிக்குக் கைகாட்டவில்லையா? பொய் சொல்லியிருந்தால் நீ கோபித்துக்கொள்ளலாம். நான் சொன்னது உண்மை. உண்மை பதினாறு வருடம் ஆனாலும் உண்மைதான். அர்ச்சுனனுக்குக் கிடைத்த ஓய்வு வாழ்க்கையைப் பார்க்கிறேன். காலையில் வெள்ளைக் காலணி போட்டு பூங்காவில் நடக்கிறான். என்னைப் பார்த்ததும் கை தூக்குகிறான். அந்தக் கையை எதிரே வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து தினமும் வேலியருகே வந்து நிற்கிறார். "என்னா மகேன், வீட்டுக்காரம்மா இன்னும் வரலியா? தீபாவளி வருதுலா." நாளுக்கு ஒரு பதில் சொல்கிறேன். நேற்று, தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றேன். இன்று, டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். "நேத்து வேற மாதிரி சொன்னீங்களே" என்கிறார். இந்த வயதில் பிச்சைமுத்துவிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறேன்.

வராவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடு. பலகாரம் எதற்கும் சொல்லி வைக்கவில்லை. ஒரு ஆளுக்கு என்ன பலகாரம்?

மிளகாய் இலையைக் கிள்ளிவிட்டேன். மறுபடியும் சுருள்கிறது.

மகேந்திரன்


க்ரோம்வெல்,
7 அக்டோபர்

வணக்கம்.

இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. வேறு யாரிடமோ கேள்விப்படுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

நேற்று விடிவதற்கு முன் உறைபனி வந்தது. இந்த வருடம் குளிர் சீக்கிரமே விட்டுவிட்டது, இனிமேல் பயமில்லை என்று ரூபன் நினைத்திருந்தான். மரமெல்லாம் முழுப் பூ. அவன் கைப்பேசியில் எச்சரிக்கை மணி அடித்ததும் இரண்டு பேரும் எழுந்து ஓடினோம். சின்ன வயதில் எங்கள் தோட்டத்து லயத்தில், விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டு மணி அடித்தால் அம்மா எழுந்து ஓடுகிற மாதிரி இருந்தது. குளத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டான். மரங்களுக்கு மேலே குழாய்கள் சுற்றிச் சுற்றித் தெளித்தன. விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே உறைந்தது.

மேட்டுப் பக்கத்து மோட்டார் நின்றுவிட்டது. ரூபன் அதைப் பார்க்கப் போனான். "நான் வர்ற வரைக்கும் இந்தக் கீழ்ப் பக்கத்தப் பாத்துக்கக்கா, ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா நில்லு" என்றான்.

நின்றேன். விடிந்தது. மலைக்கு மேலே வெயில் வந்து மரங்கள்மேல் விழுந்தது. நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு பூவும் கண்ணாடிக்குள் இருந்தது. ஆனால் ஐஸ் பாரத்தில் கிளைகள் வளைந்து முறிகிற மாதிரி தொங்கின. மேலே மேலே தண்ணீர் விழுகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. வெயில் வந்துவிட்டதே, இனிமேல் காய்ந்துவிடுமே என்று நினைத்தேன். எங்கள் அம்மா மழை நாளில் பால் வாளியோடு நின்று வானத்தைப் பார்ப்பார். வெயில் தெரிந்ததும், "வெயிலு வந்திருச்சு, பொழச்சோம்" என்பார். அதுதான் என் மண்டையில் இருந்தது. குளத்துத் தண்ணீரும் கீழே போய்க்கொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டேன்.

ரூபன் திரும்பி வந்தபோது சத்தம் இல்லாததைத்தான் முதலில் கவனித்தான். ஓடிப் போய்த் திறந்தான். அதற்குள் நேரமாகிவிட்டது.

மத்தியானம் மரங்களைப் பார்த்தோம். பூ வெள்ளையாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு நிம்மதி. ரூபன் ஒரு பூவை எடுத்து நகத்தால் கிள்ளிக் காட்டினான். நடுவில் காயாக வேண்டிய இடம் கறுத்திருந்தது. அடுத்ததும் கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. கீழ்ப் பக்கம் முழுவதும் அப்படித்தான். உள்ளே செத்த பூக்கள் வெளியே சிரித்துக்கொண்டு நிற்கின்றன. இந்த வருடம் அந்த மரங்களில் பழம் கிடையாது.

நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ரூபன் என்ன சொன்னான் தெரியுமா? "போவட்டும்லா அக்கா. மரம் சாகலதானே? அடுத்த வருசமும் பூக்கும்." அப்புறம் உள்ளே போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தான். ஒற்றைக் கையால் கலக்கியதில் பாதி தட்டில் கிடந்தது. ராத்திரி சாப்பிடும்போது ஒன்றே ஒன்று சொன்னான்: "மச்சான்கிட்ட சொல்லாதக்கா. இனிமே அந்த டீசல் கதைக்கு ரெண்டாம் பாகம் கிடைச்சிரும்." நான் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மூடிய குழாய்க்குப் பக்கத்தில் நிற்கும்போதே அது என் காதில் கேட்டது. அதனால் சீக்கிரம் எழுதிவிடுங்கள்.

சரளா


ஈப்போ,
8 அக்டோபர்

சரளா,

கடிதம் கிடைத்தது.

உன் கை எப்படி இருக்கிறது? அந்தக் குளிரில் நனைந்த விரல்கள் மரத்துப்போயிருந்தால் சுடுதண்ணீரில் வைக்காதே. வெதுவெதுப்பாக வைத்துக்கொள். உனக்குக் குளிர் ஆகாது.

பனி பட்ட மரங்களை இப்போதே வெட்ட வேண்டாம் என்று ரூபனிடம் சொல். காய்க்காத வருடத்தில் மரம் கிளையாக வளர்ந்து தள்ளும். அதைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும். கீழ்ப் பக்கத்திலும் உயரமான கிளைகளில் சில பூக்கள் தப்பியிருக்கும். ஏணி வைத்து அவற்றையும் கிள்ளிப் பார்க்கச் சொல்.

சாப்பிடு.

மகேந்திரன்


க்ரோம்வெல்,
11 அக்டோபர்

என்னங்க,

ரூபன் ஏணி வைத்துப் பார்த்தான். உச்சிக் கிளைகளில் சில பூக்களின் நடு பச்சையாக இருக்கிறது. "மச்சான் சொன்னது சரிதான்க்கா, கொஞ்சம் தேறும்" என்றான். பெரிய விளைச்சலெல்லாம் இல்லை. பறவைக்குப் போக வீட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சும். மேட்டுப் பக்கம் தப்பித்துவிட்டது. மோட்டாரை அவன் நேரத்தில் ஓட்டிவிட்டான்.

உங்கள் கடிதத்தை நம்ப முடியாமல் மூன்று தடவை படித்தேன். கடைசியில் எங்காவது ஒரு குத்தல் இருக்கும் என்று தேடினேன். இல்லை. அப்புறம் ஒரு சந்தேகம் வந்து உங்களுடைய முதல் கடிதத்தைத் திறந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடிதத்தை நான் முழுவதும் படித்திருக்கவில்லை. மிளகாய்ச் செடி வரை படித்தேன். "உன் தம்பியைப் பற்றி" என்று ஆரம்பித்ததும் மூடிவிட்டேன். அதற்குப் பிறகு சர்டாங், கம்பெனி, அர்ச்சுனன் என்று வரும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். வந்தும் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே குழாயை மூடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெயில் வந்ததை நம்பாதே என்று எனக்கென்றே எழுதின மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் எந்தத் தப்பைச் செய்வேன் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எட்டாம் தேதிக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் எதையும் மறக்கிற ஆள் இல்லை. "அப்பவே சொன்னேன்" என்பது உங்களுக்குக் காலையில் குடிக்கிற கோப்பி மாதிரி. அதை விட்டுவிட்டு என் விரலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது, உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று.

இல்லாவிட்டால் எனக்கு எழுதாமல் ஊரில் சொல்லிவிட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். பிச்சைமுத்து அண்ணனிடம் சொன்னீர்களா? நான் வந்து இறங்கி, தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போனாலும் தட்டோடு நிற்கிற நேரத்தில் இதுவும் சேர்ந்து வரப் போகிறதா? டிக்கெட்டை மாற்ற நாளை மறுநாள் வரைக்கும் நேரம் இருக்கிறது. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்.

விரல் சரியாகிவிட்டது.

சரளா


ஈப்போ,
12 அக்டோபர்

சரளா,

மறக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் முதலில் தட்டியது அந்த "அப்பவே சொன்னேன்"தான். அழித்தேன். மறுபடி தட்டினேன். வேறு வார்த்தையில் போட்டால் குத்தாது என்று பார்த்தேன், வேறு வார்த்தையிலும் குத்தியது. முதல் கடிதத்தைத் திறந்து நான் எழுதியிருந்ததைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை. ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை அது.

குழாய்க்குப் பக்கத்தில் நிற்கும்போதே நான் சொல்லப்போவது காதில் கேட்டது என்று எழுதியிருந்தாய். அவ்வளவு தூரத்தில், அந்தக் குளிரில், கண்ணெதிரே பூ போய்க்கொண்டிருக்கும்போது என் குரலா கேட்க வேண்டும்? அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பிடிக்கவில்லை.

ஊரில் சொன்னேனா என்று கேட்டாய். இன்று காலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள்.

பிச்சைமுத்து இழுத்துக்கொண்டு போனார் என்று கோப்பிக் கடைக்குப் போனேன். அங்கே வெள்ளைக் காலணியோடு அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தான். எழுந்து போகலாம் என்று பார்த்தேன், அதற்குள் என் பாலில்லாத கோப்பி ஓ வந்துவிட்டது.

"மச்சான் தோட்டத்துல பனியாமே? என்னா ஆச்சு?" என்றார் பிச்சைமுத்து. ரூபன் முகநூலில் படம் போட்டிருக்கிறான் போல.

"உறைபனி. பிந்தி வந்திருச்சு. ஒரு பக்கம் போயிருச்சு" என்றேன்.

"தண்ணி தெளிச்சா காப்பாத்தலாம்னு போட்டிருக்காங்களே. யாரு பாத்துக்கிட்டா?"

"பனிய யாரு பாத்துக்க முடியும்லா?"

அவர் விடவில்லை. அர்ச்சுனன் பக்கம் திரும்பி, "இவரு வீட்டுக்காரம்மா டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்ட கதை கேட்டிருக்கீங்களா அண்ணே? மகேன் சொன்னா வயிறு வலிக்கும். சொல்லுங்க மகேன்" என்றார்.

அர்ச்சுனன் கோப்பையைப் பார்த்தான். அவன் அந்தக் கதையைக் கேட்டதே இல்லை. அவன் இருக்கிற இடத்தில் நான் சொன்னதில்லை. இன்று சொல்லியிருந்தால்தான் அது முழுதாக வந்திருக்கும். கேட்க வேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"வண்டி கெட்டுப்போச்சு. போக முடியல" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பிச்சைமுத்துவுக்குப் பெரிய ஏமாற்றம். வரும் வழியெல்லாம், "ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா மகேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நீயும் அதையே கேட்டிருக்கிறாய். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சலிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே கதையைப் பதினாறு வருடம் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்குத்தான் கை வலிக்கும். அர்ச்சுனனை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. உன் தம்பி என் வகுப்பில் தூங்கினான் என்பதிலும் மாற்றம் இல்லை. அவனிடம், உச்சிக் கிளைக் காய்களுக்கு வலை போடச் சொல், பறவைகளுக்கு விட்டுவிட வேண்டாம்.

மிளகாய்ச் செடியில் ஒன்று போய்விட்டது. மற்றவை பூத்திருக்கின்றன.

17ஆம் தேதி சாயங்காலம் விமான நிலையத்துக்கு அதே பழைய வண்டியில் வருகிறேன். நீ டிக்கெட்டை மாற்றினால் எழுது, மாற்றாவிட்டால் எழுத வேண்டாம். ஈப்போவிலிருந்து போய்த் திரும்ப ஒரு தாங்கி எண்ணெய் போதாது. வரும் வழியில் தாப்பாவில் நிறுத்தி எண்ணெய் போட வேண்டியிருக்கும். நீ இறங்கிப் போடு. நான் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். டீசலுக்கு எந்தக் கைப்பிடி என்று சொல்ல மாட்டேன், கண்ணாடி வழியாகவும் பார்க்க மாட்டேன்.

மகேந்திரன்